இரத்தத்தில் ஒரு பங்காளி

தமிழில் ‘பூஞ்சை’ என்ற சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முகங்கள் உண்டு. ஈரச் சுவரிலும் பழைய ரொட்டியிலும் பூக்கிற பூசணம் ஒன்று. வலுவில்லாத, காற்றடித்தால் சாய்ந்துவிடும் உடம்பு மற்றொன்று. ‘அவன் பூஞ்சை உடம்புக்காரன், வெயிலில் அனுப்பாதே’ என்று என் பாட்டி சொன்னபோது அவள் மனத்தில் பூசணம் இருந்திருக்காது. மங்கிப்போன கண்ணையும் எங்கள் பக்கத்தில் பூஞ்சைக்கண் என்பார்கள். இந்த மூன்று பொருளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவைதாமா என்பதைச் சொல்லாராய்ச்சியில் வல்ல நண்பர்கள்தாம் சொல்ல வேண்டும். ஆனால் 2017-ஆம் ஆண்டு ஐப்பசியில், சென்னை மருத்துவமனை ஒன்றின் ஆறாவது மாடியில், அவை மூன்றும் ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் என் அக்காவின் கணவர்.

அத்தான் தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, வேப்பமரத்தடியில் அவருடைய கடை. கிரயம், அடமானம், தானசெட்டில்மென்ட் எல்லாம் எழுதுவார் என்றாலும் ஊரில் அவருக்குப் பெயர் பாகப்பிரிவினைப் பத்திரத்தில்தான். முப்பது ஆண்டுகளாக அண்ணன் தம்பிகளின் கிணற்றையும் வைக்கோல் போரையும் எழுத்தில் பிரித்துக் கொடுத்தவர். பங்காளி என்ற உறவைப் பற்றி அவருக்கு ஒரு தத்துவம் இருந்தது. “அசலாள்கிட்ட சண்டைன்னா வேலி போட்டுத் தடுத்துரலாம் மாப்ளே. பங்காளி வேலிக்கு உள்ளயே இருக்கான். அவனுக்கும் வீட்டுல பாத்தியதை உண்டுல்லா?” என்பார். இந்த வாசகம் ஒரு நோய்க்கு இவ்வளவு பொருத்தமான விளக்கமாக அமையும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார்.

அவருக்கு வந்தது அக்யூட் மைலாய்ட் லுகேமியா, இரத்தப் புற்றுநோயில் வேகமான வகை. முதல் சுற்று மருந்து 1970-களிலிருந்து பெரிதாக மாறாத ஒன்று: ஒரு மருந்து ஏழு நாட்கள், அதனுடன் இன்னொன்று முதல் மூன்று நாட்கள். அந்த இரண்டாவது மருந்து செக்கச்செவேலென்று இருக்கும். டானோரூபிசின் என்று பெயர். இத்தாலியின் தெற்கே காஸ்டெல் டெல் மான்டே என்ற பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டைக்கு அருகில் எடுத்த மண்ணில் வாழ்ந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிரிடமிருந்து கிடைத்தது. மண் வாசனை என்று நாம் கவிதைகளில் உருகுகிறோமே, அந்த வாசனையைத் தருவதும் பெருமளவு இந்தக் குலத்து நுண்ணுயிர்கள்தாம். இந்தக் குலத்தின் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், மீண்டும் வரும்.

அந்த மருந்து புற்று அணுக்களை மட்டும் தேடிப் போய்க் கொல்வதில்லை. எலும்பு மஜ்ஜையில் விளைகிற எல்லாவற்றையும் அறுக்கிறது. வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்றொரு வகை உண்டு. இரத்தத்தில் அலைந்துகொண்டிருக்கும் காவற்படை அது. ஒரு மைக்ரோ லிட்டரில் சில ஆயிரம் இருக்க வேண்டும்; ஐந்நூறுக்குக் கீழே போனால் ஆபத்து, நூறுக்குக் கீழே போனால் பேராபத்து. அத்தானுக்கு ஒன்பதாம் நாள் அறுபது. அதே மருந்து குடலின் உட்சுவரையும் உரித்துவிடுகிறது. வாய் முழுதும் புண், வயிற்றுப்போக்கு. அறைக்குள் பூவுக்கும் பச்சைக் காய்க்கும் தடை. அக்கா எல்லாவற்றையும் வேகவைத்தாள். வெந்ததையும் மறுபடி வேகவைத்தாள்.

பதினோராம் நாள் இரவு காய்ச்சல் வந்தது. அந்த நிலையில் காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் உள்ளே போயாக வேண்டும், போயிற்று. கையிலிருந்தும், மார்பில் பொருத்தியிருந்த சென்ட்ரல் லைனிலிருந்தும் இரத்தம் எடுத்துப் புட்டிகளில் ஊற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்தப் புட்டிகளை ஒரு கருவி உடல் வெப்பத்தில் வைத்துக் காத்திருக்கும். உள்ளே ஏதாவது பெருகி மூச்சுவிடத் தொடங்கினால் கண்டுபிடித்துக் குரல் கொடுக்கும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று ஒரே முடிவு வந்தது: வளர்ச்சி எதுவும் இல்லை. காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. ஆன்டிபயாட்டிக்கை இன்னும் வலுவான ஒன்றாக மாற்றினார்கள். நான்காம் நாளும் நூற்றிரண்டு.

ஒன்றும் வளரவில்லை என்றால் நல்ல செய்திதானே என்று நான் கேட்டேன். பணியில் இருந்த இளம் மருத்துவர் பெண் ஒருவர் பொறுமையாக விளக்கினார். உடலுக்குள் ஆழமாகப் பரவிய கேண்டிடா தொற்றுகளில் ஏறத்தாழப் பாதியைத்தான் இரத்தப் புட்டி காட்டிக்கொடுக்கும். இரத்தத்தில் அது மிகக் குறைவாக, விட்டு விட்டு உலவலாம். கல்லீரலிலோ மண்ணீரலிலோ போய் உட்கார்ந்துவிடலாம். அவர் போன பிறகு அத்தான் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “வில்லங்கச் சான்று மாதிரி.” எனக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. வில்லங்கம் இல்லை என்று சான்று வந்தால் பதிவான வில்லங்கம் இல்லை என்றுதான் பொருள். பதியாத ஒத்தி, வாய்மொழி ஒப்பந்தம், கணக்கில் வராத தங்கையின் பங்கு எதுவும் அதில் வராது. அந்தச் சான்றை மட்டும் நம்பி நிலம் வாங்கிக் கெட்டவர்களைப் பற்றி அவரிடம் ஐம்பது கதைகள் உண்டு.

ஆகவே மருத்துவம் இங்கே ஒரு விசித்திரமான காரியத்தைச் செய்கிறது. சாட்சி கிடைப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதுகிறது. வெள்ளணு இல்லாத நோயாளிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் நான்கிலிருந்து ஏழு நாட்கள் காய்ச்சல் நீடித்தால் பூஞ்சை இருப்பதாகவே வைத்துக்கொண்டு மருந்தைத் தொடங்கிவிடு என்பது வழக்கம். நிரூபணத்துக்குக் காத்திருந்தவர்களில் பலர் முடிவு வருவதற்கு முன் போய்விட்டதால் உருவான வழக்கம் இது. எந்த மருந்து என்பதுதான் எங்கள் முன் வந்த கேள்வி. மூன்று பெயர்களைத் தாளில் எழுதி மூத்த மருத்துவர் காட்டினார். கேஸ்போஃபங்கின் போன்ற எக்கினோகேண்டின் வகை முதல் தேர்வு என்று 2016-இல் வந்த அமெரிக்க வழிகாட்டி நூல் சொல்கிறது. அடுத்தது, கொழுப்புத் துளிகளில் பொதிந்த ஆம்ஃபோடெரிசின். மூன்றாவது, பொதியாத பழைய ஆம்ஃபோடெரிசின். முதல் இரண்டில் ஒன்றின் ஒரு நாள் விலை அத்தானின் ஒரு மாத வருமானத்தை நெருங்கியது. எத்தனை நாள் என்றும் சொல்ல முடியாது. காப்பீட்டுத் தொகை முதல் சுற்றிலேயே தீர்ந்திருந்தது. அக்கா அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள். மருத்துவரும் எங்களை அவசரப்படுத்தாமல் நின்றார். பழையதே தொடங்கட்டும், சிறுநீரகத்தை நாள்தோறும் பார்ப்போம், தாங்கவில்லை என்றால் மாற்றுவோம் என்று முடிவாயிற்று.

பழைய ஆம்ஃபோடெரிசினை ஏற்றுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மங்கிய மஞ்சள் நிறம். உப்புநீரில் கலந்தால் திரிந்துவிடும் என்பதால் குளுக்கோஸ் நீரில்தான் கலக்க வேண்டும். வெளிச்சம் படாமலிருக்க மேலே ஒரு கருப்பு உறை போடுகிறார்கள். கண்கட்டிய பறவையைப் போல அது கம்பியில் தொங்கும். மெல்ல, நான்கு முதல் ஆறு மணி நேரம் இறங்கும். முதல் ஒரு மணி நேரம் முடிவதற்குள் அத்தானுக்குக் குளிர் தூக்கிப்போட்டது. கட்டிலின் இரும்புச் சட்டம் கடகடத்தது. நானும் ஒரு செவிலியரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். அமெரிக்க மருத்துவர்கள் இதை ‘ஆம்ஃபோடெரிபிள்’ என்று செல்லமாக அழைப்பார்களாம். சிலேடை நம்மவர்களின் தனிச்சொத்து அல்ல.

மறுநாள் காலை, மூன்று நாட்களுக்கு முன் எடுத்த இரண்டாவது புட்டி குரல் கொடுத்தது. ஒரு சொட்டை எடுத்துச் சாயமேற்றிப் பார்த்ததில், மொட்டுவிடும் முட்டை வடிவ உயிரணுக்கள். ஈஸ்ட். அந்த மருத்துவர் பெண் தம் கைப்பேசியில் எடுத்திருந்த படத்தைக் காட்டினார். ஊதா நிறத்தில், ஒன்றின் தோளில் ஒன்று முளைத்து, பார்க்க அழகாகவே இருந்தது. இன்னும் இரண்டு நாளில் முழுப் பெயர் தெரிந்தது: கேண்டிடா டிராப்பிகாலிஸ்.

பெயரைச் சொன்னால் சும்மா இருக்க முடியாதது நம் போன்றவர்களின் வியாதி. கேண்டிடா என்ற பெயரை 1923-இல் வைத்தவர் கிறிஸ்டின் பெர்க்ஹௌட் என்ற டச்சுப் பெண்மணி. தூய வெண்மை என்று பொருள். ரோமாபுரியில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் சுண்ணம் பூசி வெளுத்த அங்கி அணிந்து வாக்குக் கேட்பார்கள். அதற்கு டோகா கேண்டிடா என்று பெயர். வேட்பாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். (வெள்ளை உடுத்தி வாக்குக் கேட்கும் மரபு நமக்கும் புதிதல்ல.) இந்தக் குடும்பத்தில் மிகப் பிரபலமானது கேண்டிடா அல்பிகான்ஸ். அல்பிகான்ஸ் என்றாலும் வெளுத்துக்கொண்டிருப்பது என்றே பொருள். நாம் ‘நடு சென்டர்’ என்று சொல்வதைப் போல, அறிவியலிலும் கூறியது கூறல் உண்டு.

நம்மில் மிகப் பலரின் வாயிலும் குடலிலும் கேண்டிடா குடியிருக்கிறது. பிறந்த சில நாட்களிலேயே குடியேறிவிடுவதும் உண்டு. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுக்கு நடுவே ஒரு மூலையில், அதிகம் சத்தம் போடாமல் இருக்கும். அதை மூலையிலேயே வைத்திருப்பவை மூன்று: குடலின் சுவர், அண்டைவீட்டு பாக்டீரியாக்கள், உள்ளே ரோந்து வரும் வெள்ளணுக்கள். அத்தானுக்குக் கீமோ மருந்து சுவரை உடைத்தது, ஆன்டிபயாட்டிக் அண்டைவீட்டாரைக் காலி செய்தது, வெள்ளணுக்கள் ஏற்கெனவே இல்லை. போதாததற்கு, இதயத்துக்கு நேராகப் போகும் குழாயாகிய சென்ட்ரல் லைன், ஒட்டிப் படர்வதற்கு வாகாக இருந்தது. மருத்துவமனை அசுத்தம், யாரோ கை கழுவவில்லை, ஏதோ உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று உறவினர்கள் ஆளுக்கொரு காரணம் தேடினார்கள். வெளியிலிருந்து வருவதும் உண்டுதான், ஆனால் இங்கே வெளியாள் தேவைப்படவில்லை.

அல்பிகான்ஸ்தான் உலகெங்கும் பிரபலம் என்றேன். நம் நாட்டில் கதை வேறு. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழகத்தின் அருணலோகே சக்ரவர்த்தியும் பிறரும் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1400 நோயாளிகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட கட்டுரையில் முதலிடம் டிராப்பிகாலிஸுக்கு, பத்தில் நான்கு. அவர்களில் முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் அளவில். இந்த எண்ணை நான் அன்றிரவு தாழ்வாரத்தில் நின்று கைப்பேசியில் படித்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு எண் வேறு, இந்த வார்டு வேறு என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். எண்களுக்கு நடுவே அப்படி ஒரு சந்து கிடைத்தால் மனம் அதற்குள் புகுந்துகொள்கிறது.

ஏன் இந்த நோய்க்கு இவ்வளவு குறைவான மருந்துகள்? பாக்டீரியாவுக்கு டஜன் கணக்கில் இருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் விரல்விட்டு எண்ணும் வகைகள்? விடை எளிமையானது, சங்கடமானது. பூஞ்சை நமக்கு உறவு. அது செடிகளைவிட விலங்குகளுக்கே நெருங்கிய சொந்தம் என்று 1993-இல் புரத ஒப்பீடுகளின் வழியே காட்டினார்கள். நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஏதோ ஒரு பொது முப்பாட்டனிடமிருந்து பிரிந்தவர்கள் நாமும் அவையும். பாக்டீரியாவின் உள்கட்டமைப்பு நம்முடையதிலிருந்து முற்றிலும் வேறு. ஆகவே நம்மைத் தொடாமல் அதை அடிக்கலாம். பூஞ்சையின் உயிரணுவோ நம் உயிரணுவைப் போலவே உட்கருவும் உறுப்புகளும் கொண்டது. அதன் மேற்சவ்வில் எர்கோஸ்டெரால், நம்முடையதில் கொலஸ்ட்ரால். இரண்டும் ஏறத்தாழ ஒரே சாயல். ஆம்ஃபோடெரிசின் எர்கோஸ்டெராலைத் தேடிப் பற்றிச் சவ்வைச் சிதைக்கிறது. ஆனால் சாயலில் ஏமாந்து நம் சிறுநீரக அணுக்களையும் கொஞ்சம் பற்றிவிடுகிறது. இதை அத்தானிடம் சொன்னேன். அவர் உதட்டுப் புண் வலிக்கச் சிரித்தார். “அப்பம் பங்காளிதான்னு சொல்லு.”

இந்த இடத்தில் இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லாமல் கடக்க மனமில்லை. எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரத்தில் நுண்ணுயிரியலாளர். ரேச்சல் பிரவுன் அதே மாநிலத்தின் ஆல்பனியில் வேதியியலாளர். இருவரும் மாநில சுகாதாரத் துறை ஊழியர்கள். பென்சிலின் வந்து உலகமே கொண்டாடிய காலத்தில், ஆன்டிபயாட்டிக் தின்ற உடலில் பூஞ்சை தலைதூக்குகிறது என்று கவனித்து, அதற்கு மருந்து தேடினார்கள். ஹேசன் மண் மாதிரிகளைச் சேகரித்து நுண்ணுயிர்களை வளர்ப்பார். பூஞ்சையைக் கொல்லும் ஒன்று தென்பட்டால் கண்ணாடி ஜாடியில் அடைத்துத் தபாலில் ஆல்பனிக்கு அனுப்புவார். பிரவுன் சரக்கைப் பிரித்தெடுத்து, தபாலிலேயே திருப்பி அனுப்புவார். அப்படி ஜாடிகள் போய் வந்துகொண்டிருந்த நாட்களில், வர்ஜீனியாவில் ஒரு நண்பரின் பால்பண்ணை மண்ணில் கிடைத்தது நிஸ்டாட்டின். 1950-இல் அறிவித்தார்கள். அதை உண்டாக்கிய நுண்ணுயிரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் குலத்ததுதான். நியூயார்க் ஸ்டேட் என்பதைச் சுருக்கி மருந்துக்குப் பெயர் வைத்தார்கள். உரிமத்தொகையாகக் காலப்போக்கில் சேர்ந்தது ஒரு கோடியே முப்பது லட்சம் டாலர் அளவில். இருவரும் ஒரு காசும் எடுத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டார்கள். 1966-இல் ஃபிளாரன்ஸ் நகரில் ஆர்னோ நதி பெருகி ஓவியங்களை நனைத்தபோது, அவற்றில் பூத்த பூசணத்தைப் போக்கவும் இந்த மருந்தைப் பயன்படுத்தினார்கள். வாய்ப்புண்ணுக்கு அத்தான் கொப்பளித்த மஞ்சள் திரவம் அதுதான். ஆனால் நிஸ்டாட்டினை இரத்தத்தில் ஏற்ற முடியாது, நஞ்சு. அதற்கு ஆம்ஃபோடெரிசின் வரவேண்டியிருந்தது. 1950-களில், வெனிசுவேலாவின் ஓரினோகோ நதிப் பகுதி மண்ணில், அதே ஸ்ட்ரெப்டோமைசிஸ் குலத்தின் இன்னோர் உறுப்பினரிடமிருந்து அது கிடைத்தது. அத்தானின் காவலைக் கலைத்த மருந்தும் அவரைக் காத்த மருந்தும் ஒரே குலத்துச் சரக்கு என்பதை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை.

அதன் பிறகு நடந்தவை வேகமானவை. சென்ட்ரல் லைனை எடுத்துவிட்டார்கள். நாள்தோறும் புதிய புட்டிகள். மருந்து தொடங்கிய நான்காம் நாள் எடுத்த இரத்தத்தில் ஒன்றும் வளரவில்லை, காய்ச்சலும் தணிந்தது. கிரியாட்டினின் ஏறியது, பொட்டாசியம் இறங்கியது. வாங்கிய எச்சரிக்கைப்படியே நடக்கிறது என்றார் மூத்த மருத்துவர். ஃப்ளூகோனசோல் இந்த டிராப்பிகாலிஸிடம் வேலை செய்யும் என்று ஆய்வகம் சொன்னதால் அதற்கு மாற்றினார்கள். அது விலை மலிவு. சிறுநீரகம் மெல்ல மீண்டது.

“இது முழுசாப் போயிருமா டாக்டர்?” என்று அத்தான் ஒரு காலையில் கேட்டார். இரத்தத்திலிருந்து போய்விடும், குடலிலிருந்து போகாது, போகவும் வேண்டாம் என்றார் மருத்துவர். “அப்பம் பாகம் பிரிச்சாச்சு” என்று அத்தான் என்னைப் பார்த்தார்.

கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரத்தத்தில் கேண்டிடா ஓடினால் அது விழித்திரையில் போய் இறங்கலாம். ஆகவே கண் மருத்துவர் பாப்பாவை விரித்து உள்ளே பார்ப்பார். வெள்ளணு இல்லாத நோயாளிக்கு இந்தச் சோதனையை அணுக்கள் மீண்ட பிறகு செய்கிறார்கள். அதற்கு முன் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நாம் பார்க்கும் வெண்புள்ளி பூஞ்சை மட்டுமல்ல, அதைச் சூழ்ந்து போரிடும் வெள்ளணுக்களும் சேர்ந்தது. படை வந்தால்தான் போர்க்களம் கண்ணுக்குத் தெரியும். இருபத்தேழாம் நாள் அத்தானின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தொட்டது. வார்டு முழுவதும் மகிழ்ந்தது. மறுநாள் இடது விழித்திரையில், பார்வை மையத்துக்குச் சற்றுத் தள்ளி, பஞ்சுப் பொட்டுப்போல் ஒரு புள்ளி இருந்தது. முழு எதிரெழுத்தையும் கண்ணாடியின்றிப் படிக்கிற மனிதர், ஒரு வாரமாக ஒரு பக்கம் புகைபோல் இருக்கிறது என்பதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். இரண்டு வாரங்களில் முடிய வேண்டிய மருந்து ஆறு வாரமாயிற்று. அடுத்த சுற்றுக் கீமோ தள்ளிப்போயிற்று. புற்று மீண்டும் வந்துவிடுமோ என்ற அச்சத்துக்கும், பூஞ்சை மீண்டும் வந்துவிடுமோ என்ற அச்சத்துக்கும் நடுவில் மருத்துவர்கள் தேதி குறித்தார்கள்.

அந்த நாட்களில் வார்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிய பெயர் ஒன்று உண்டு: கேண்டிடா ஆரிஸ். டோக்கியோவில் எழுபது வயது மூதாட்டி ஒருவரின் காதிலிருந்து எடுத்து 2009-இல் விவரித்தார்கள். ஆரிஸ் என்றால் காது. 2013-இல் தில்லியின் இரண்டு மருத்துவமனைகளில் பன்னிரண்டு பேருக்கு வந்ததாக அறிக்கை வந்தது. டிராப்பிகாலிஸ் பெரும்பாலும் நோயாளியின் குடலிலிருந்து வருகிறது என்றால், இது கட்டில் சட்டத்திலும் தோலிலும் வாரக்கணக்கில் ஒட்டியிருந்து ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவும். ஃப்ளூகோனசோலைப் பெரும்பாலும் மதிப்பதில்லை. தெற்காசியா, கிழக்காசியா, தென்னாப்பிரிக்கா, தென்னமெரிக்கா என நான்கு இடங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு கிளைகளாக அது தோன்றியதற்கு முழு விளக்கம் இன்னும் இல்லை. பாலூட்டிகளின் உடல் வெப்பமே பூஞ்சைகளுக்கு எதிரான பழைய அரண், பூமி சூடாக ஆகச் சில பூஞ்சைகள் அந்த அரணைத் தாண்டப் பழகுகின்றன என்று ஆர்துரோ கசாதேவாலும் சகாக்களும் 2019-இல் ஒரு கருதுகோளை வைத்தார்கள். 2021-இல் அந்தமான் தீவுகளின் கடற்கரையிலும் உவர்நிலத்திலும் அதைக் கண்டெடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் முதன்முறையாகப் பூஞ்சைகளுக்கென்று ஓர் அபாயப் பட்டியல் வெளியிட்டபோது, முதல் வரிசை நான்கில் ஆரிஸும் அல்பிகான்ஸும் இருந்தன. டிராப்பிகாலிஸ் அடுத்த வரிசையில். பட்டியல் வர அவ்வளவு காலமானது எனக்கு வியப்பளிக்கவில்லை. இந்த நோயால் இறப்பவரின் பெயருக்கு எதிரே பெரும்பாலும் புற்றுநோய் என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோதான் எழுதப்படுகிறது. பத்திரத்தில் பெயர் ஏறாத பங்குதாரரை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

மார்கழியில் இரண்டாவது சுற்று தொடங்கியது. இம்முறை காய்ச்சலுக்குக் காத்திருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே தடுப்பாக போசகோனசோல் என்ற பூஞ்சை மருந்து. புட்டியைக் கையில் கொடுத்த மருந்தாளுநர், இது வெறும் வயிற்றில் உடம்பில் ஏறாது, கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுங்கள் என்றார். இரண்டு மாதமாக எண்ணெய் காட்டாமல் எல்லாவற்றையும் வேகவைத்தே கொடுத்துக்கொண்டிருந்த அக்கா, அதை அவரிடம் மூன்று முறை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டாள். அன்று மாலையே ஊருக்குத் தொலைபேசியில் சொல்லி, பேருந்தில் ஒரு தூக்கு நெய் வரவழைத்தாள்.